மாதவரத்திலிருந்து டப்போ வரை: ஒரு டீசல் மெக்கானிக்கின் 27 மாதம்

2023 பொங்கல் முடிந்த வாரம். ஐ.டி.ஐ.யில் என்னிடம் மோட்டார் மெக்கானிக் பிரிவில் படித்த ஒருவர் கொளத்தூரில் என் வீட்டுக்கு வந்தார். அவர் படித்து முடித்துப் பதினொரு ஆண்டு ஆகியிருந்தது. மாதவரத்தில் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கனரக வாகனப் பட்டறையில் சீனியர் மெக்கானிக். வயது 31. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆஸ்திரேலியாவில் வேலை என்று சொல்லும் இரண்டு பக்கக் கடிதம். "சார், இதுல இங்கிலீஷ் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றார்.

ஆங்கிலத்தில் பிழை இல்லை. விஷயத்தில்தான் பிழை.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். தம்பி என்றே குறிப்பிடுகிறேன். ஏஜென்டின் பெயரையும் பட்டறைகளின் பெயரையும் சொல்லப்போவதில்லை. இதே நிலையில் இருக்கும் மெக்கானிக்குகளும் சமையல்காரர்களும் வெல்டர்களும் வட சென்னையில் ஏராளம். அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு எழுதி வைத்தேன்.

மூடிய கதவுக்கு 12 லட்சம்

அந்தக் கடிதத்தின்படி, தம்பிக்கு 'ஆர்.எஸ்.எம்.எஸ். 187' என்ற விசா கிடைக்கும். ரீஜனல் பகுதியில், அதாவது சிட்னி போன்ற மிகப் பெரிய நகரங்களுக்கு வெளியே இருக்கும் ஒரு முதலாளி, தனக்கு இந்த ஆள் வேண்டும் என்று அரசிடம் அவரை நாமினேட் செய்வார். போய் இறங்கியதும் நேரடி பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை. ஆறு மாதத்தில் சிட்னிக்கு மாறிக்கொள்ளலாம். மொத்தச் செலவு 12 லட்சம். முன்பணமாக 75,000 ரூபாயைத் தம்பி ஏற்கெனவே கட்டிவிட்டார். அடுத்த தவணைக்காக அவர் மனைவியின் செயின் அடகுக் கடைக்குப் போகத் தயாராக இருந்தது.

187 என்பது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்த விசாதான். ரீஜனல் ஊர்களில் ஆள் கிடைக்காத முதலாளிகள் வெளிநாட்டுத் தொழிலாளியை நாமினேட் செய்ய, அவருக்கு நேரடியாக நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. அதனால்தான் அந்தப் பெயருக்குச் சென்னையில் இன்றும் ஒரு மவுசு. ஆனால் 2019 நவம்பர் 16-ஆம் தேதி புது ஆட்களுக்கு அந்த வழி மூடப்பட்டது. அதே நாளில் அதன் இடத்துக்கு 494 என்ற விசா வந்தது. இது நிரந்தரம் அல்ல, ஐந்து ஆண்டுக்கான தற்காலிக விசா. மூன்று ஆண்டு ரீஜனல் பகுதியிலேயே வாழ்ந்து வேலை பார்த்த பிறகு 191 என்ற இன்னொரு விசா வழியாகத்தான் நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்க முடியும்.

ஆக, மூடி மூன்று ஆண்டுக்கு மேலான ஒரு கதவைக் காட்டி 12 லட்சம் கேட்டிருக்கிறார்கள். இதை ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் தம்பியை உட்கார வைத்துக் காட்டினேன். பத்து நிமிடம் அவர் பேசவே இல்லை. அப்புறம் கேட்டது ஒன்றுதான்: "அப்ப வழியே இல்லையா சார்?"

வழி இருந்தது. அது ஏஜென்ட் சொன்ன வழி இல்லை, அவ்வளவுதான்.

75,000 ரூபாயில் 40,000 திரும்பி வந்தது. அதுவும் மூன்று மாத அலைச்சலுக்குப் பிறகு, புகார் கொடுக்கப் போகிறோம் என்று எழுத்தில் தெரிவித்ததும்தான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்து அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை தேடுபவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அதில் இந்த ஏஜென்டின் பெயர் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்பு பார்த்திருக்க வேண்டிய பட்டியல் அது.

நாமினேஷன் யாருடைய வேலை

தம்பியைப் போன்றவர்கள் ஏமாறுவதற்குக் காரணம் பேராசை என்று நான் நினைக்கவில்லை. நாமினேஷன் என்றால் என்ன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. நம் ஊரில் 'ஸ்பான்சர்' என்ற சொல்லைக் கேட்டதும், யாரோ ஒருவர் நமக்குச் செய்யும் உதவி, அதற்கு நாம் விலை கொடுக்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. உண்மையில் இது முதலாளியின் தேவை. அவருக்கு ஆள் இல்லை. உள்ளூரில் தேடியும் கிடைக்கவில்லை என்பதை அவர்தான் தன் அரசிடம் நிரூபிக்க வேண்டும்.

494-இல் மூன்று படி உண்டு. முதலில் நிறுவனம் 'ஸ்டாண்டர்ட் பிசினஸ் ஸ்பான்சர்' என்ற அங்கீகாரம் பெற வேண்டும். அடுத்து, இந்த இடத்துக்கு, இந்தச் சம்பளத்தில், இந்த ஆளை எடுக்கிறேன் என்று நாமினேஷன் போட வேண்டும். இந்த இரண்டும் முதலாளியின் வேலை, முதலாளியின் செலவு. மூன்றாவது படியான விசா விண்ணப்பம்தான் தொழிலாளியுடையது.

நாமினேஷனோடு முதலாளி கட்ட வேண்டிய பயிற்சி நிதித் தீர்வை ஒன்று இருக்கிறது. ஆண்டு வருவாய் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்குக் கீழே உள்ள நிறுவனத்துக்கு 3,000 டாலர், அதற்கு மேல் போனால் 5,000 டாலர். 494-க்கு அது ஒரே தடவை. அதைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. ஸ்பான்சர்ஷிப்புக்காகப் பணம் கேட்பதும் கொடுப்பதும் 2015 டிசம்பர் முதல் அங்கே சட்டப்படி தண்டனைக்குரியது. வாங்கியவருக்கு மட்டுமல்ல, கொடுத்தவருக்கும் அபராதம் உண்டு, விசா ரத்தாகலாம். 12 லட்சம் கொடுத்து ஒருவேளை தம்பி அங்கே போயே சேர்ந்திருந்தாலும், அந்தப் பணமே பிறகு அவர் கழுத்துக்குச் சுருக்காக மாறியிருக்கும்.

இதைப் புரிந்துகொண்டதும் தம்பியிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. 'எனக்கு யார் ஸ்பான்சர் தருவார்' என்பதை விட்டுவிட்டு, 'நான் நல்ல மெக்கானிக் என்பதைக் காகிதத்தில் எப்படிக் காட்டுவது' என்று கேட்க ஆரம்பித்தார்.

இரண்டு வரிச் சான்றிதழ்

அந்தக் கேள்விக்குப் பதில் தேடவே ஒன்பது மாதம் ஆனது. இந்த முயற்சியில் மிகக் கடினமான பகுதி இதுதான். ஆஸ்திரேலியாவில் நடந்த எதுவும் இவ்வளவு சிரமப்படுத்தவில்லை.

டீசல் மெக்கானிக் தொழிலுக்கு அவர்களுடைய தொழில் பட்டியலில் 321212 என்று எண். திறனைச் சோதித்துச் சொல்லும் அமைப்பு டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா. 494-க்கு அந்தத் தொழிலில் குறைந்தது மூன்று ஆண்டு முழுநேர அனுபவம் வேண்டும், வயது 45-க்குக் கீழே இருக்க வேண்டும். தம்பிக்குப் பதினொரு ஆண்டு அனுபவம் இருந்தது. கையில் இருந்த ஆதாரமோ ஐ.டி.ஐ. முடித்ததற்கான என்.சி.வி.டி. சான்றிதழும் இரண்டே வரியில் ஓர் அனுபவச் சான்றும்தான். 'இவர் எங்களிடம் 2016 முதல் வேலை செய்கிறார். நன்னடத்தை உள்ளவர்.'

முதல் நான்கு ஆண்டு அவர் மணலியில் ஒரு சின்னப் பட்டறையில் இருந்தார். சம்பளம் கையில். பி.எஃப். கிடையாது, ரசீது கிடையாது. அந்த முதலாளி காலமாகிவிட்டார், பட்டறை இருந்த இடத்தில் இப்போது வேறு கட்டடம். அந்த நான்கு ஆண்டை நிரூபிக்க வழியே இல்லை என்று தெரிந்ததும் அதை ஆதாரக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். தம்பிக்கு மனம் வரவில்லை. "கஷ்டப்பட்டதே அந்த நாலு வருஷம்தான் சார்" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனாலும் நிரூபிக்க முடியாததை நிரூபித்தது போலக் காட்ட எந்தக் காகிதமும் தயாரிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். சில இடங்களில் லெட்டர்பேடு விலைக்குக் கிடைக்கிறது. அப்படி ஒரே ஒரு காகிதம் பொய் என்று கண்டுபிடிக்கப்பட்டால் உண்மையான மற்ற காகிதங்களும் சேர்ந்து மூழ்கிவிடும்.

மாதவரம் பட்டறையில் 2016 முதல் பி.எஃப். இருந்தது. அதிலும் ஒரு சிக்கல். பி.எஃப். கணக்கில் சம்பளம் மாதம் 15,000. வங்கியில் விழுந்ததும் கிட்டத்தட்ட அதுவே. மீதி 11,000 ரூபாயைக் கையில் கொடுத்து, 'இன்சென்டிவ்' என்று எழுதிய வவுச்சரில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். முழுநேர சீனியர் மெக்கானிக் இவ்வளவுதான் வாங்குகிறாரா, பாதி நேர வேலையோ என்று பரிசீலிப்பவருக்குச் சந்தேகம் வரலாம். ஆகவே அந்த வவுச்சர்கள் வேண்டும், மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, என்னென்ன வேலை செய்தார் என்று விரிவாக எழுதிய கடிதம் வேண்டும்.

தம்பியோடு நானும் பட்டறைக்குப் போனேன். முதலாளி நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். கடிதம் என்றதும் முகம் மாறியது. "நான் வளர்த்த ஆளு. அவனை அனுப்புறதுக்கு நானே கடிதம் கொடுக்கணுமா வாத்தியாரே?"

அந்தக் கேள்வி நியாயமானது. பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான வண்டிகள் 2020 ஏப்ரலில் வந்த பிறகு, புகை வடிகட்டியும் யூரியா கரைசல் அமைப்பும் தெரிந்த மெக்கானிக் கிடைப்பது அரிது. தம்பி அதைக் கற்றுக்கொண்டது அந்தப் பட்டறையில்தான், அந்த முதலாளி வாங்கிக் கொடுத்த, வண்டியின் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனரில்தான். நான் வாதாடவில்லை. "உடனே போகப் போறதில்ல. இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள ரெண்டு பசங்களுக்கு ஸ்கேனர் வேலை கத்துக்கொடுத்துட்டுத்தான் போவான். அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். தம்பியும் அப்படியே வாக்குக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து முதலாளியே போன் செய்து வரச் சொன்னார்.

அன்றைக்கு எழுதிய கடிதம் இரண்டு பக்கம். வேலைக்குச் சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யாருக்குக் கீழே, அவருக்குக் கீழே எத்தனை பேர் என்று ஆரம்பித்து, இன்ஜின் முழுவதையும் பிரித்துக் கட்டியது, இன்ஜெக்டர் சோதனை, டர்போ மாற்றியது, ஏர் பிரேக் லைன், கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், மின்சுற்றுப் பழுது என்று வரிசையாக எழுதினோம். எந்தெந்தக் கருவியைத் தானாகவே கையாளுவார் என்பதையும் சேர்த்தோம். முதலாளியின் சொந்த போன் எண், கையெழுத்து, முத்திரை. கூடவே வவுச்சர் கட்டும் மஸ்டர் ரோல் நகலும்.

பெயர்ச் சிக்கல் தனி. நம் ஊர்க்காரர் எல்லோருக்கும் இது வரும். ஐ.டி.ஐ. சான்றிதழில் ஓர் எழுத்து இனிஷியல். பி.எஃப்.பில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கிறது. மூன்றையும் பார்க்கும் ஒரு வெளிநாட்டு அதிகாரிக்கு மூன்று ஆட்கள். மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இணைத்தோம். இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

செல்ஃப், டைனமோ, நாசில்

ஆவணப் பரிசீலனை தாண்டியதும் தொழில்நுட்ப நேர்காணல். வீடியோவில் ஒரு நிபுணர் கேள்வி கேட்பார். தம்பிக்குத் தெரியாத வேலை எதுவும் இருக்காது என்று எனக்குத் தெரியும். என் கவலை அவர் பேசும் சொற்களில் இருந்தது.

நம் பட்டறைகளில் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 'செல்ஃப்' என்று பெயர். ஆல்டர்னேட்டர் 'டைனமோ'. இன்ஜெக்டர் 'நாசில்'. பின் ஆக்சில் மொத்தமும் 'ஹவுசிங்'. மாற்றுச் சக்கரம் 'ஸ்டெப்னி'. எல்லாம் கேட்க ஆங்கிலம் போலத்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு ஃபோர்மேனிடம் "செல்ஃப் போச்சு" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடது பக்கம் பட்டறைச் சொல், வலது பக்கம் கம்பெனி மேனுவலில் இருக்கும் சொல் என்று இருநூறுக்கு மேல் எழுதினோம். ராத்திரி எட்டு மணிக்கு வேலை முடிந்து வருவார். என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிப் பழகுவோம். பார்க்கிங் பிரேக் விடுபடவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பாய், காற்றழுத்தம் ஏறாததற்கு என்னென்ன காரணம், புகை வடிகட்டி அடைத்தால் வண்டி என்ன எச்சரிக்கை காட்டும் என்று நான் கேட்க, அவர் முழு வாக்கியத்தில் சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் சந்தோஷம் கொடுத்த நாட்கள் அவை. கைக்குத் தெரிந்த தொழில் வாய்க்கு வருவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

2023 நவம்பரில் திறன் மதிப்பீடு சாதகமாக வந்தது. ஆங்கிலத் தேர்வு கொஞ்சம் இழுத்தது. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் நான்கு பிரிவிலும் 6 வேண்டும். எழுத்தில் 5.5 வந்தது. இரண்டாவது தடவையும் அதே 5.5. அப்புறம் பி.டி.இ. என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வுக்கு மாறினார். அதில் அப்போது நான்கிலும் 50 போதும். 2024 ஜனவரியில் தேறிவிட்டார்.

விடியற்காலை நாலரை மணி

வேலையைத் தம்பியே தேடினார். சீக் என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் ரீஜனல் ஊர்களாகப் பார்த்து 61 விண்ணப்பம். பதில் வந்தது ஆறு. அதில் மூன்று 'இப்போதைக்கு இல்லை'. இரண்டு பேர் பேசிவிட்டு விட்டுவிட்டார்கள். ஆறாவது டப்போ.

சிட்னியிலிருந்து வடமேற்கே கிட்டத்தட்ட 400 கிலோமீட்டரில் இருக்கிறது டப்போ. நியூவெல், மிட்செல், கோல்டன் என்ற மூன்று நெடுஞ்சாலைகள் கூடும் ஊர். தானியமும் ஆடுமாடும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடும். கூடவே ஒன்றுக்கு மேற்பட்ட டிரெய்லர்களை இழுக்கும் நீளமான ரோடு டிரெயின் வண்டிகள். மாதவரத்தில் இருந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமைவது கடினம்.

நேர்காணல் 2024 பிப்ரவரியில், அவர்கள் நேரம் காலை பத்து மணிக்கு. நமக்கு விடியற்காலை நாலரை. சர்வீஸ் மேனேஜர் 40 நிமிடம் பேசினார். பி.எஸ்.-6 அனுபவம் பற்றித்தான் அதிகம் கேட்டார். அங்கேயும் கனரக வண்டிகளுக்கு யூரோ-6 விதி வந்துகொண்டிருந்த நேரம். புகை வடிகட்டியில் கை வைத்த ஆள் அவர்களுக்கும் தேவைப்பட்டது.

ஒருமுறை சூடுபட்டவர் என்பதால் இந்த முறை எல்லாவற்றையும் சரிபார்த்தோம். நிறுவனத்தின் 11 இலக்க வணிக எண்ணை அந்த அரசின் ஏ.பி.என். லுக்அப் தளத்தில் தேடினோம். எத்தனை ஆண்டாக இயங்குகிறது, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்தது. மின்னஞ்சலில் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, இணையதளத்தில் இருந்த பொது எண்ணுக்குத் தம்பி போன் செய்து சர்வீஸ் மேனேஜரைக் கேட்டார். அதே குரல். கடைசியில் டப்போவில் நர்ஸாக இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை நண்பர் வழியாகப் பிடித்தோம். "அண்ணா, அந்தப் பட்டறை நாங்க கடைக்குப் போற வழியிலதான் இருக்கு, வாசல்ல லாரி நிக்காத நாளே இல்ல" என்றார். அன்றைக்குத்தான் தம்பியின் மனைவி முதல் முறையாக இந்த விஷயத்தில் சிரித்துப் பார்த்தேன்.

ஜூலை 1

மே மாதம் வேலைக் கடிதம் வந்தது. ஆண்டுச் சம்பளம் 71,500 டாலர். இந்த வகை விசாவுக்கு அரசு ஒரு குறைந்தபட்சச் சம்பள வரம்பு வைத்திருக்கிறது. 2023 ஜூலையிலிருந்து அது 70,000 டாலர். கடிதத்தில் இருந்தது அதற்கு மேல்தான். நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

நிறுவனம் ஸ்பான்சர் அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தது. உள்ளூரில் ஆள் தேடி 28 நாள் விளம்பரம் கொடுக்க வேண்டும், அது முடிய ஜூன் கடைசி ஆகிவிட்டது. நாமினேஷன் போடும்போது ஜூலை இரண்டாவது வாரம். 2024 ஜூலை 1 முதல் வரம்பு 73,150 ஆக ஏறியிருந்தது. மே மாதக் கையெழுத்து செல்லாது. நாமினேஷன் போடும் நாளில் எந்த வரம்பு நடப்பில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. ஓவர்டைமும் ஓய்வுக்கால நிதியும் அதில் சேராது.

இன்னொன்றும் இருந்தது. 494 நாமினேஷனுக்கு ரீஜனல் சான்றளிப்பு அமைப்பு ஒன்றின் கருத்து வேண்டும். அந்த ஊரில் இதே வேலைக்கு ஆஸ்திரேலியருக்கு என்ன சம்பளமோ அது இவருக்கும் கிடைக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். டப்போ பகுதிக்கு அது ஆர்.டி.ஏ. ஒரானா. உள்ளூர் நிலவரம் வரம்பைவிட அதிகம் என்று தெரிந்ததும் நிறுவனமே 78,000 டாலராக உயர்த்திப் புது ஒப்பந்தம் அனுப்பியது. தம்பி கேட்காமலேயே 6,500 டாலர் கூடியது. வெளிநாட்டுத் தொழிலாளியை மலிவாக வாங்கிவிடக் கூடாது என்று எழுதி வைத்த விதி ஒரு தொழிலாளியின் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அந்த விதியை எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

நடுவில் ஒரு சங்கடம். நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல்: பயிற்சித் தீர்வை 3,000 டாலரைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளலாமா? தம்பி உடனே சரி சொல்லத் தயாராகிவிட்டார். "இவ்வளவு பண்றாங்க, இதுகூடச் செய்யலன்னா எப்படி சார்?" நம் பிள்ளைகளின் நன்றியுணர்ச்சி எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த 3,000 டாலரை அவர் கட்டினால் இரண்டு பேரும் சட்டத்தை மீறியவர்கள் ஆவார்கள். 'இந்தத் தீர்வையை நாமினேட் செய்யப்படுபவரிடம் வசூலிக்க விதி அனுமதிக்கவில்லை என்று அறிகிறேன், உங்கள் குடிவரவு ஆலோசகரிடம் ஒருமுறை கேட்டுச் சொல்ல முடியுமா' என்று பணிவாக எழுதினோம். இரண்டு நாளில் வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. அவர்களுக்கு இது முதல் வெளிநாட்டு நாமினேஷன். தெரியாமல் கேட்டிருக்கிறார்கள்.

விசா

ஆகஸ்டில் தம்பியின் விண்ணப்பம். அவருடைய கட்டணமே 4,700 டாலருக்கு மேல், மனைவிக்கும் மகளுக்கும் தனித்தனியாக. இந்தப் பணத்துக்குத்தான் கடைசியில் செயின் அடகுக்குப் போனது. இந்த முறை யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் அரசாங்க ரசீது இருந்தது.

மனைவிக்கு அடிப்படை ஆங்கிலம் இருப்பதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் இன்னொரு பெரிய தொகை கட்ட வேண்டியிருக்கும். ஒருவரின் முழு விசாக் கட்டணத்துக்கு நெருக்கமான தொகை. அவர் வட சென்னையில் ஆங்கில வழியில் மூன்று ஆண்டு பி.காம். படித்தவர். பயிற்று மொழி ஆங்கிலம் என்று கல்லூரியில் ஒரு கடிதம் வாங்க இரண்டு நடை. செலவு நூறு ரூபாய்க்குள். அந்த ஒரு காகிதம் லட்சக்கணக்கில் மிச்சம் செய்தது. மருத்துவப் பரிசோதனையும், பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகக் காவல்துறைச் சான்றும் சிக்கலில்லாமல் முடிந்தன.

2025 பிப்ரவரியில் விசா வந்தது. இரண்டு மாதம் அவர் கிளம்பவில்லை. மாதவரத்தில் இரண்டு பையன்களுக்கு ஸ்கேனர் வேலை கற்றுக்கொடுத்து முடித்தார். ஆஸ்திரேலியாவில் கால் வைத்து 90 நாளுக்குள் வேலையில் சேர வேண்டும் என்பதுதான் நிபந்தனை, அவசரம் இல்லை. ஏப்ரலில் சிங்கப்பூர் வழியாகச் சிட்னி, அங்கிருந்து ஆறரை மணி நேர ரயிலில் டப்போ.

இப்போது

தம்பியின் விசா அவரை டப்போவிலேயே கட்டிப்போடவில்லை. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர மற்ற எல்லா இடமும் ரீஜனல் கணக்கில் வரும், பெர்த்தும் அடிலெய்டும்கூட. ஆனால் வேலை மாற்ற வேண்டுமென்றால் புது முதலாளியும் ரீஜனல் பகுதியில் இருந்து நாமினேஷன் போட வேண்டும். வேலை போய்விட்டால் புது இடம் தேட ஒரு தடவைக்கு 180 நாள் அவகாசம். முன்பு 90 நாள்தான் இருந்தது, 2024 ஜூலையில் கூட்டினார்கள். இதை அவருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலாளி கோபித்தால் மறுநாளே விமானம் ஏற வேண்டும் என்ற பயத்தில் அடங்கிப் போகிறவர்கள் அதிகம். சம்பளத்தில் குறை இருந்தால், தொழிலாளர் புகார்களைக் கவனிக்கும் ஃபேர் ஒர்க் அரசு அலுவலகத்தைக் கேட்கலாம், தமிழில் பேச அரசு மொழிபெயர்ப்பாளர் சேவையும் உண்டு.

மூன்று ஆண்டு முடிந்து 191 விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது முதலாளி மறுபடியும் நாமினேட் செய்யத் தேவையில்லை. விசா நிபந்தனைகளின்படி இருந்தாரா என்று பார்ப்பார்கள். மூன்று நிதியாண்டுக்கான வரி மதிப்பீட்டுச் சான்றுகளும் வேண்டும். ஜூன் மாதம் நிதியாண்டு முடிந்ததும் அந்தச் சில வாரச் சம்பளத்துக்கே தம்பி வரிக்கணக்குத் தாக்கல் செய்தார். முதல் சான்று வந்த அன்று அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். சம்பளச் சீட்டுகளையும் வீட்டு வாடகை ரசீதையும் மாதவாரியாக ஒரு ஃபைலில் வைக்கிறார். மணலியில் தொலைந்துபோன நான்கு ஆண்டு அவரை அப்படிப் பழக்கியிருக்கிறது.

மனைவியும் மகளும் ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார்கள். செயின் இன்னும் மீட்கவில்லை. அடுத்த ஆண்டு மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

போன மாதம் மாதவரம் பக்கம் போனபோது அந்தப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஸ்கேனரை ஒரு பையன் லாரியில் மாட்டிக்கொண்டிருந்தான். தம்பி கற்றுக்கொடுத்த இருவரில் ஒருவன். முதலாளி மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். தம்பிக்கு எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தின் நகல். பெயரும் தேதியும் மட்டும் காலியாக விட்டு டைப் அடித்து வைத்திருந்தார். "யாரு வேலைய விட்டுப் போனாலும் இனிமே இதுதான் வாத்தியாரே. இப்ப எல்லாருக்கும் முழுச் சம்பளமும் பேங்க்லதான் போடுறேன்" என்றார்.